ஒன்பதே முக்கால்

எங்கள் கோட்டத்தில் மாநகராட்சிப் பள்ளிகள் பதினொன்று.
மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்குப்
பட்டியலை பிரிண்ட் எடுப்பவன் நான்.
முதல் மூன்று இடத்துக்குப் பச்சை.
கடைசி இடத்துக்கு ரோஜா நிறம்.
சிவப்பு போட்டால் மனசு சங்கடப்படும் என்று
மாற்றலாகிப் போன அதிகாரி
விட்டுப்போன ஒரே சீர்திருத்தம் அது.

ரோஜா நிறத்தில் எப்போதும்
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளி.

"வருகை எழுபத்தொன்பது சதவீதம். ஏன் மேடம்?"
"கேட் சார்."
"என்ன கேட்?"
"ரயில்வே கேட் சார்."
அதிகாரி என்னைப் பார்த்தார்.
நான் எக்செல்லைப் பார்த்தேன்.
அதில் கேட்டுக்குக் கட்டம் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஆப் மூடிக்கொள்ளும்.
ஒன்பது இருபதுக்கு கேட் மூடிக்கொள்ளும்.
துறைமுகத்திலிருந்து வரும் கூட்ஸுக்கு
நாற்பத்திரண்டு பெட்டி, சில நாள் ஐம்பத்தெட்டு.
பெட்டிகளை எண்ணி எண்ணியே
அந்தப் பிள்ளைகள் கணக்கில் மட்டும் கெட்டி
என்று சொல்லிச் சிரித்தார் லில்லிபுஷ்பம் டீச்சர்.
யாரும் சிரிக்கவில்லை.
தேநீர் வந்தது.

பள்ளி நேரத்தைக் கால்மணி தள்ளிவைக்கக் கேட்டு
அவர் எழுதிய கடிதம்
மண்டலம் போய், ரிப்பன் மாளிகை போய்,
ரயில்வேக்குப் போய்,
'தகவலுக்காக' என்று திரும்பி வந்து
என் மேசையில்தான் இருக்கிறது.
மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது
பீரோ மேல் தூக்கிவைக்கும் முதல் கட்டில் அது.

ஆடி மாதம் திடீரென்று
அந்தப் பள்ளி தொண்ணூற்றெட்டுக்குப் போனது.
வெள்ளை நிறம்.
அதிகாரி கைதட்டினார்.
எனக்குப் புரிந்தது:
கேட் மூடினால் எல்லோரும் வந்தவர்கள்.
தண்டவாளத்துக்கு அந்தண்டை நிற்பதும்
வருகைதானே.
நானும் அதையே செய்திருப்பேன்.

சத்துணவுக் கணக்கும் என்னிடம்தான் வரும்.
முட்டை நூற்றுப்பன்னிரண்டு. வருகை நூற்றுப்பதின்மூன்று.
மறுநாளும் ஒன்று குறைந்தது.
மறுநாளும்.
முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு,
அதற்குத் தனிக் கட்டம் உண்டு,
அதிலும் இல்லை.
பதினாலு நாள்
யாரோ ஒருவர் பள்ளிக்கு வந்து
சாப்பிடாமல் போகிறார்.

மேலே சொன்னால் டீச்சருக்கு பதினேழு பி.
போன் போட்டேன்.
"முட்டை ஒண்ணு இடிக்குது மேடம்."
அந்தப் பக்கம் கூட்ஸ் சத்தம். வெகுநேரம்.
அப்புறம் சொன்னார்:
"ஏழாம் வகுப்பு யுவஸ்ரீ.
கேட்டுக்குப் பின்னாலதான் நிக்கிறான்னு நெனச்சேன்."

காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் இருந்தாள்.
அம்மாவுக்குக் கையில் புண்,
ஐஸ் தண்ணீர் படக்கூடாது.
"நீயே சொல்லு மேடம், நான் இன்னா பண்ணட்டும்"
என்றாளாம் அம்மா.
டீச்சரால் சொல்ல முடியவில்லை.

இப்போது கேட்டுக்கே வந்துவிடுகிறார்.
ஒரு கையில் வருகைப் பதிவேடு, ஒரு கையில் செல்போன்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் தெரியும் இடுக்கில்
பெயர் கூப்பிடுகிறார்.
உள்ளேன் டீச்சர்,
பெட்டி,
உள்ளேன் டீச்சர்,
பெட்டி, பெட்டி, எண்ணெய் டாங்கர்.
கேட் கீப்பர் இளம்பரிதிக்கு
எல்லாப் பெயரும் பாடம்.
குரல் கேட்காத பிள்ளைக்கு
அவரே தலையாட்டி இல்லை என்கிறார்.

இந்த மாதம் எண்பத்தாறு. ஒன்பதாவது இடம்.
ரோஜா நிறம் வேறொரு பள்ளிக்குப் போயிருக்கிறது.
அவர்களுக்கு என்ன கேட்டோ,
இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

யுவஸ்ரீ வாரத்தில் மூன்று நாள் வருகிறாள்.
திங்கள், புதன், வியாழன்.
வெள்ளிக்கிழமைக் கணக்கு வரும்போது
நான் முதலில்
முட்டையைத்தான் பார்க்கிறேன்.