எது கறுப்பு

"பையனுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டேன்.
முதல் தப்பு.
கையுறையைக் கழற்றினாள். நான்காய் மடித்த தாளை
கண்ணாடி மேசையில் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினாள்.
"எனக்கு" என்றாள்.

யோங்சான், இரண்டாம் மாடி, ஜனவரி.
ஹீட்டர் என் கால்களுக்கு மட்டுமே காணும்.
எதிர்க்கடை நம்குங் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தான், காது எங்கள் பக்கம்.

தாளில் விலைகள் எல்லாம் பென்சிலில்.
கிராபிக்ஸ் கார்டுக்கு எதிரே மட்டும் பேனா.
எத்தனை மாதச் சேமிப்பு என்று அவள் சொல்லவில்லை.
ரப்பர் தேய்த்த இடங்களில் தாள் மெலிந்து
மேசை தெரிந்தது.

வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன்:
பவர் சப்ளையில் கொஞ்சம் இறங்கினால்
பிராசசரில் ஒரு படி ஏறலாம்.
"பிரேக்கில் மிச்சம் பிடிக்கிற டெப்போவில்
இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன்" என்றாள்.
"ஆயிரம் வாட். அதைத் தொடாதீர்கள்."

பியோ மிரான். இரவுப் பேருந்து ஓட்டுகிறாள்.
பதினொன்றரைக்கு எடுத்தால்
விடிகாலை ஐந்துக்குச் சாவியைத் தொங்கவிடுவாள்.

கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டியைக் காட்டினேன்,
உள்ளே விசிறிகள் வானவில் சுற்றும்,
பையன்கள் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பது.
"ராத்திரி முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை.
வீட்டுக்கு வந்துமா?"
இரும்புப் பெட்டி எடுத்தாள், உள்ளே பஞ்சுப் பூச்சு,
மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி மூன்று.
பக்கத்து அறையில் ஒரு நர்ஸ்,
அவளுக்கும் பகலில்தான் தூக்கம்.
நடுவே இருப்பதைச் சுவர் என்று
வாடகைச் சீட்டில்தான் போட்டிருக்கிறதாம்.

விளக்கில்லாத ரேம் கைவசமில்லை.
கூத்தைப் பாருங்கள், விளக்குள்ளதுதான் மலிவு.
கறுப்பு டேப் ஒரு சுருள் சும்மா போட்டுவிட்டேன்.

இதெல்லாம் அரை மணி நேரம்.
திரைக்கு ஒன்றரை.
கடை விளக்குகளை அணைக்கச் சொன்னாள்.
மூன்று திரையிலும் ஒரே காட்சி:
நிலவில்லாத கடல், தூரத்தில் ஒரு படகு.

முதலாவது: "சாம்பல்.
மழை விட்ட தார் ரோடு."
அடுத்தது: "யாரோ ஹெட்லைட் போட்டுவிட்டு
எதிரே வருகிற கறுப்பு."
மூன்றாவதன் முன்னால்
பேச்சில்லை.
படகு போய்ச் சேர்ந்தது. கடல் முடிந்தது.
பிறகு, திரையைப் பார்த்தபடியே,
"மூன்று மணிக்கு, ஹான் நதிப் பாலத்தில்,
வண்டியில் ஒருத்தரும் இல்லாவிட்டால்
உள்விளக்கை ஒரு நொடி அணைப்பேன்.
கூடாதுதான்.
இது அது."

விலை சொன்னேன்.
தாள்மேல் குனிந்தவள்
பேனாவால் எழுதியதைப் பேனாவாலேயே அடித்து
பக்கத்தில் ஒரு படி குறைந்த கார்டை எழுதினாள்.
"ஓட்டம் கொஞ்சம் குறையும்."
"குறையட்டும். நான் யாரை முந்தப் போகிறேன்?"

பூட்டித் தருகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டாள்.
எது எதில் போகிறது என்று
அவளுக்கே தெரிய வேண்டுமாம்.
ஐந்து பெட்டிகள், இரண்டு நடை,
திரையை மட்டும் டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடிகாலை ஐந்து ஐம்பது,
போன்.
"உயிர் வரவில்லை."
"பின்பக்கம், கரண்ட் செருகுகிற இடத்தில்
சின்னதாய் ஒரு ஸ்விட்ச்..."
மௌனம்.
இந்த மௌனத்தை நான் நன்றாக அறிவேன்,
என்ஜினியர்களும் கடந்து வந்ததுதான்.
"ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? சத்தமே இல்லையே."
"மேலே கையை வையுங்கள்."
வைத்திருப்பாள். கொஞ்ச நேரம் வைத்திருந்திருப்பாள்.
"காற்று" என்றாள்.

என்ன விளையாடப் போகிறீர்கள் என்று கேட்டேன்,
தூக்கம் போனது போகட்டும் என்று.
ரோடுதானாம்.
மலை, கடற்கரை, நிறுத்தம் ஒன்றுகூட இல்லாத ரோடு.
பத்து நிமிஷம் கழித்து மறுபடி போன்:
"ஒவ்வொரு வளைவிலும் இண்டிகேட்டர் போடுகிறேன்,
பின்னால் ஒரு நாய்கூட இல்லை."
நர்ஸ் எழுந்துவிடுவாளே என்று
வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இதில் உனக்கென்ன நின்றது என்றான் நம்குங்.
டேப் காசு போக
சொல்லும்படி ஒன்றுமில்லை.
அன்று கடை அடைக்கும்போது
எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நின்று பார்த்தேன்.
வராந்தா முனையில் வெளியேறும் வழிப் பலகை
பச்சையாய் எரிந்துகொண்டிருந்தது.
சாம்பல்தான்.