ஒத்திவைப்புச் சீட்டு

ஞாயிறு இரவு பதினொன்றுக்கு மேல்தான்
ரூசே நகரத்தின் அடுத்த வாரம் பிறக்கிறது.
ஒரு வாளி மைதாப் பசை,
பிடியில் துணி சுற்றிய பிரஷ்,
குழந்தை வண்டியில் குழந்தைக்குப் பதில்
சுருட்டிக் கிடத்திய சுவரொட்டிகள்.
தள்ளிக்கொண்டு வருகிறாள் ரலீத்சா.

சனி காலை பொம்மலாட்டம்: ஓநாய்க்குப் பல்வலி.
நகரசபை மண்டபத்தில்
டான்யூப் உறைந்த வருடத்துப் புகைப்படங்கள்
(அனுமதி இலவசம், மேலங்கியை மாட்டிவைக்கக் கட்டணம்).
ரயில்வே ஊழியர்களின் கூட்டுப்பாடல்.
ஒரு கவிஞர் வாசிக்கிறார்; எட்டுப் பேர் வருவார்கள்,
அதில் இருவர் கதகதப்புக்காக.
எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.
எதற்கும் போனதில்லை.

பேருந்து நிலையச் சுவரில்
நகரசபை ஒரு கோடு கிழித்திருக்கிறது.
வலப்பக்கம் எதிர்காலம்.
இடப்பக்கம் இறந்தகாலம்:
கறுப்புக் கரையிட்ட தாள்கள்.
இந்த ஊரில் செத்தவரைச் சுவரில் ஒட்டுவார்கள்.
முகம், பெயர், வயது,
நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், பத்தாம் ஆண்டு.
மழைக்குக் கோடு தெரியாது.
ஒரு பக்கம் கழன்று
யாரோ ஒரு கணக்கர்
சர்க்கஸ்காரியின் தோளில் சாய்ந்திருப்பார் விடியும்வரை.

க்ரூம் வெல்கோவ், கிளாரினெட்,
மார்ச் பதினான்கு, வெள்ளி மாலை ஏழு.
நாற்பத்தொரு சுவரில் ஒட்டினாள்.
ஒவ்வொரு முறையும் அந்த இடது கன்னத்தில்
காற்றுக் கொப்புளம் எழும்;
உள்ளங்கையால் நீவி விடுவாள்.
அவர் வாசித்து அவள் கேட்டதில்லை.
கன்னம் மட்டும் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை
கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு பெண்
செலோ டேப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
ஈரச் சுவர், ஒட்டவில்லை.
'கொஞ்சம் பசை கிடைக்குமா?'
தாளில் அதே முகம்.
கிளாரினெட்டை மட்டும் உதட்டுக்குக் கீழே வெட்டியிருந்தார்கள்.
'வேறு படத்துக்கு உட்கார்ந்ததே இல்லை அவர்'
என்றாள் ஸ்னெஜானா,
மன்னிப்புக் கேட்பதுபோல.

அலுவலகத்திலிருந்து அழைப்பு.
'ரத்து' சீட்டு தீர்ந்துவிட்டது.
ஜனவரியில் பொம்மலாட்டக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அடித்தது
இருநூறு மிச்சம்: 'ஒத்திவைக்கப்பட்டது'.
'அதையே ஒட்டு.'
'ஆள் இறந்துவிட்டார்.'
'தெரியும். அச்சடிக்கப் பணமில்லை, அதுவும் தெரியும்.'

ஒட்டினாள்.
மார்புக்குக் குறுக்கே, சாய்வாக,
அழகிப்போட்டி நாடா மாதிரி.
மறுநாள் பேருந்துக்கு வந்த ஸ்னெஜானா
வலப்பக்கம் பார்த்தாள்.
எழுத்துக்கூட்டுவதுபோல் இரண்டு முறை வாசித்தாள்.
பிறகு கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு
சிரித்தாள், தோள் குலுங்க.
'கல்யாணத்துக்கே இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த மனிதர்.'
பேருந்து போய்விட்டது.

விற்றது நூற்றுப்பன்னிரண்டு டிக்கெட்.
திரும்பி வந்தது முப்பத்தொன்று.
மீதியை போய்கோ தொலைபேசியில் துரத்தினான்,
பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று.
பல் வைத்தியர் ஒருவர் கேட்டாராம்:
'புதுத் தேதி முடிவானதும் சொல்கிறீர்களா?'
இவனும் சொல்கிறேன் என்றுவிட்டான்.

வெள்ளி மாலை ஏழு.
யாரும் அழைக்கவில்லை,
படிக்கட்டில் பதினைந்து இருபது பேர்.
கையில் டிக்கெட், பேச்சில்லை.
எதிரே விளக்குக் கம்பத்தடியில்
குழந்தை வண்டியோடு ரலீத்சா,
ஏன் வந்தோம் என்று அவளுக்கும் தெரியாமல்.
கொஞ்ச நேரம் பார்த்தான் போய்கோ.
மேடையைத் திறக்க அவனிடம் சாவி இல்லை.
முன்கூடத்து விளக்கைப் போட்டான்.
மேலங்கிகளை ஒவ்வொன்றாக வாங்கி மாட்டி
எண் வில்லை கொடுத்தான்.
அன்று கட்டணம் இல்லை.

ஞாயிறு இரவு. புதுக் கட்டு.
பொம்மலாட்டம் மறுபடியும்: ஓநாய்க்குப் பல் பிடுங்கியாகிவிட்டது.
ஒட்ட வேண்டிய இடம், க்ரூம் வெல்கோவ்.
பிரஷ்ஷைத் தோய்த்தவள்
எடுக்காமல் வாளியிலேயே விட்டு
கன்னத்தை ஒருமுறை நீவினாள்.
கொப்புளம் ஏதும் இல்லை, காய்ந்து இறுகியிருந்தது.

பிறகு ஓநாயை ஒட்டினாள்.