தூரத்துச் சக்கரம்

மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ
அதிலேர்ந்து ஆரம்பிக்கணும் என்றான் தயாளன்.
இடதுபக்கப் பின்சக்கரம்.
ஞாயிற்றுக்கிழமை, பையன் வரவில்லை.
நீயே ஏறி உக்காருக்கா.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு நாலு கடை தள்ளி
ஜாக்கி மேல் என் ஆம்னி.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினோரு பேரை அடைக்கிற வண்டி.
வெள்ளிக்கிழமை அது நிற்கவில்லை.
மிதித்தேன், பஞ்சுமூட்டையில் வைத்த கால் போல்
தரைவரைக்கும் போய்விட்டது.
ஹேண்ட்பிரேக்கை இழுத்த இழுப்பில்
ஐஸ் ஏற்றிய மீன்பாடி வண்டிக்கு
ஒரு சாண் முன்னால் நின்றோம்.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
இன்னொருவாட்டி ஆன்ட்டி, என்றது ஒன்று.

வீல் சிலிண்டர் மாத்தியாச்சு.
உள்ள காத்து பூந்துக்கினு கீது.
காத்து அமுங்கும், எண்ணெய் அமுங்காது,
மேட்டர் அவ்ளோதான்க்கா.

அடியில் போய்விட்டான்.
பக்கக் கண்ணாடியில் அவன் ரப்பர் செருப்பு ஒன்று.
இனி அவன் குரல், என் கால்.

அமுத்து.
அமுத்து.
அமுத்து. புட்ச்சிக்கோ.
எட்டாம் நம்பர் ஸ்பேனர் நிப்பிளைத் திருப்ப
பெடல் மெல்ல இறங்குகிறது,
கீழிருந்து யாரோ வாங்கிக்கொள்வது மாதிரி.
சலைன் டியூப் வழியாக சோடா பாட்டிலுக்குள்
கடுகு கடுகாய்க் கொப்புளம் வருகிறதாம்.
நான் பார்க்கவில்லை.
உடு.

நான் சொல்றதுக்கு முன்ன கால எடுத்துராத.
எடுத்தியோ, போன காத்து திரும்ப ஓடியாந்துரும்.

ஏழாவது முறையோ எட்டாவதோ,
கால் தரையில் கிடக்கும்போது
கேட் மணி அடித்தது.
எண்ணெய் டேங்கர்கள் கோத்த கூட்ஸ்.
முதலில் பைக்குகளின் ஹாரன் காணாமல் போனது,
அப்புறம் எதிர்க்கடை ரேடியோ,
அப்புறம் தயாளன்.
உடு என்றானா?
புட்ச்சிக்கோ என்றானா?
என் வலது தொடை
தையல் மிஷின் போல் ஆட ஆரம்பித்தது.
செவ்வாய்க்கிழமை எஃப்.சி. தேதி.
என் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவேன் என்று
தினமும் சண்டைபோடும் ஷபானா.
கட்டாத இரண்டு டியூ.
எல்லாவற்றின் மேலும் ஒரே காலை வைத்து
பெட்டிகளை எண்ணினேன்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நடுவில் தவறி
மறுபடி முப்பத்தெட்டு.

கடைசிப் பெட்டியும் போனபின்
ஜன்னலில் அவன் முகம். கையில் டீ கிளாஸ்.
எப்பவோ சொல்ட்டேன்க்கா, உடுன்னு.

நாலு சக்கரமும் முடிந்தபோது
பாட்டிலில் கஷாய நிறத்தில் பழைய எண்ணெய்.
கதவோரம் சிந்திய சொட்டைக் காட்டி
தொடச்சிரு, பெயின்ட்டத் துன்னுரும் என்றான்.
‘பள்ளி’யில் புள்ளி ஏற்கெனவே போயிருந்தது.
ஐநூத்தம்பது கேட்டான்.
ஐநூறு கொடுத்தேன்.

கேட் தாண்டி, குறுக்கே யாரும் வராத இடத்தில்
சும்மாவே மிதித்தேன்.
பாதியில் சுவர். நின்றது.
கொஞ்சம் ஓட்டி மறுபடி. நின்றது.
பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன்
என்னைப் பெற்றவளிலிருந்து ஆரம்பித்தான்.
இன்னொருவாட்டி, என்றேன்
காலி சீட்டுகளிடம்.