தண்ணீர் மட்டம்

செந்தூல் அடுக்குமாடி, நான்காம் தளம்.
கோம்பாக் ஆற்றுப் பக்கம் வானம் கறுக்கத் தொடங்கியபோது
என் படத்தில் மழை பெய்து முடிந்திருந்தது.

நடுச்சாலையில் ஒரு மனிதர்.
கழுத்துவரை தண்ணீர்.
தலைக்கு மேல் தூக்கிய ஒரு கையில் சப்பாத்து,
இன்னொன்றில் குடை.
காற்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டியிருக்கிறார்.
வெளியே தெரியாது அது.
நான் முழு ஆளையும் வரைந்துவிட்டுத்தான்
மேலே தண்ணீரை ஊற்றுவேன்.

பக்கத்தில் சம்பானில் நின்றபடி
புது வடிகாலுக்கு நாடா வெட்டுகிறார் ஒரு துணையமைச்சர்.
முகம் போடவில்லை, மூக்கு மட்டும்.
யாருடையதும் இல்லை,
பாசாரில் பார்த்த பாகற்காய்.

எண்பது வெள்ளி இதற்கு.
போன மாதத்து எண்பதும் அதற்கு முந்தியதும்
கணக்குப் பிரிவு வனஜா பிரசவ விடுப்பில் இருப்பதால்
இன்னும் பிறக்கவில்லை.

பூபாலன் குரல்பதிவு அனுப்பினார்.
"பிரமாதம்மா, சிரிச்சிட்டேன்.
தண்ணிய மட்டும் கொஞ்சம் கொறைக்கலாமா?
கழுத்துன்னா பயமா இருக்கு."

இடுப்புக்கு இறக்கினேன்.
மூழ்கியிருந்த சட்டைப் பொத்தான்களுக்கு மூச்சு வந்தது.

"இடுப்பும் அதிகம்லா.
எதிர்ப்பக்கத்துல வீடு விக்கிறவன் விளம்பரம். முட்டி?"

முட்டியில் சம்பான் தரைதட்டிவிட்டது.
துணையமைச்சரை இறங்கி நிற்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.
"அவரே வேணாம்மா."
எடுத்துவிட்டேன்.
மூக்கைத் தனிக் கோப்பில் சேமித்தேன்,
காய்கறி விலை ஏறும்போது உதவும்.

அப்போதுதான் கீழேயிருந்து ரொஹானி அக்காவின் குரல்.
ஆயேர் நாய்க்! ஆயேர் நாய்க்!
ஹோக் செங் அங்கிள் பைஜாமாவோடு
காரை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.
என் மோட்டாருக்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி.
நான்கு மாடியும் ஓடி இறங்கினேன்.
முதலில் கணுக்கால், பிறகு கெண்டைக்கால்,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் சிலிப்பர் சுற்றிச்சுற்றி வந்தது.
நானும் பெயர் தெரியாத பங்களாதேஷ்காரர் ஒருவரும்
மோட்டாரைச் சுராவ் படிக்கட்டுக்குத் தள்ளிச் சேர்த்தபோது
பிளாஸ்டிக் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது.

கணுக்கால் போதுமா என்று கேட்டிருந்தார்.

முட்டியளவில் நின்று படித்தேன்.
ஆகட்டும் என்று பதில் போட்டேன்.

பத்தரைக்கு மேலே வந்து
கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.
இங்கே ஏறிய அளவுக்கு அங்கே இறக்க வேண்டும்,
ஏதோ இரண்டு வாளிக்கு நடுவே குழாய் போட்டதுபோல.
கணுக்கால்.
பிறகு, சாலை ஈரமாக இருந்தால் போதும், ஒரு பளபளப்பு.
பிறகு அந்தப் பளபளப்பும் வேண்டாம்.

நள்ளிரவில் என்னிடம் மிஞ்சியது
காய்ந்த சாலையில் ஒரு மனிதர்.
சப்பாத்தையும் குடையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி,
காற்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டியபடி.

அதை இறக்கிவிட மறந்துவிட்டேன்.
மறந்துவிட்டேன் என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன்.

ஞாயிறன்று ஜாலான் ஈப்போ கடையில்
சுவரில் சேற்றுக்கோடு இன்னும் காயவில்லை.
பக்கத்து மேசை லாரிக்காரர் பத்திரிகையை மடித்து
கூட்டாளிக்குக் காட்டினார்.
"பாருய்யா, காஞ்ச ரோட்டுல நிக்கிறான்.
எத்தன தடவ பட்டிருப்பான்!"
தேத்தண்ணீர் மூக்கில் ஏறச் சிரித்தார்கள்.
நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்,
வரைந்தவள் என்று சொல்லவில்லை.

திங்கள் காலை பூபாலன்.
"நெறைய பேர் கூப்பிட்டாங்கம்மா.
என்னா ஜோக்குன்னுதான் எனக்கு வெளங்கல.
அடுத்த வாரமும் இந்த ஆளையே போடு.
ஆங், வனஜாவுக்குப் பொம்பளப் புள்ள."

மோட்டார் கிளம்பவில்லை.
பட்டறையில் குமரேசு பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு
தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு என்றார்.

எந்தப் பிரதியில் என்று கேட்க வாய்வரை வந்தது.

முட்டி, என்றேன்.