வாய்க்கால்

இருளப்பன், முப்பத்து நான்கு, சாரம் கட்டுபவர்.
சோகார் துறைமுகத்தில் பலகை நழுவி
குழாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கால்
அந்தப் பக்கம் ஒரு கால் என்று விழுந்தவர்.
"குதிரை ஏறினேன் சிஸ்டர்" என்பார், கேட்டால்.
நான்கு மாதமாக அடிவயிற்றில் ரப்பர் குழாய்.
தொடையில் கட்டிய பையை
எட்டுப் பேர் படுக்கும் கேம்ப் அறையில்
விளக்கணைந்த பிறகுதான் காலி செய்வார்.

டாக்டர் ஷம்சா அல் மக்பாலி
மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு வரைந்தார்.
இதை எங்கள் ஊரில் ஃபலஜ் என்போம்,
மலைத்தண்ணீர் பேரீச்சைக்குப் போகும் வழி.
இடையில் அடைத்துக்கொண்டது.
திறந்து புதுப் பூச்சு பூசுவேன்.
பூச்சு அவர் கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து.

கைலியை அவிழ்க்க அரை மணி நேரம் மறுத்த மனிதர்
இப்போது வாயையும் பொத்திக்கொண்டார்.

எப்போதும் நனைந்தே பழகிய தோல் அது,
ஈரத்தோடு சண்டைக்குப் போகாது, என்றார் டாக்டர்.
ஃபலஜை நான் வாய்க்கால் என்று சொல்லிவைத்தேன்.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல்
என் பல்லில் தட்டியது.

இன்னொன்று கேட்க இரண்டு முறை வாய் திறந்து மூடினார்.
நான் மொழிபெயர்க்கும் முன்பே டாக்டருக்குப் புரிந்தது.
"அதற்கு ஆறு மாதம் பொறுக்கச் சொல்."

செவ்வாய், ஏழு நாற்பது.
கடைவாய்ப் பல்லுக்கு எதிரே எச்சில் ஊறும் துளை;
அதைத் தொடாமல் ஊதா மையில் ஒரு நீள்வட்டம்.
நான்கு சென்டிமீட்டர், ஒன்றரை அகலம்.
வெட்டியதைச் சிலிக்கான் பலகையில் விரித்து
ஊசி குத்தி நிறுத்தி
பலகையின் அளவுக்கோடுகள் தெரியும்வரை
கொழுப்பைச் சீவினார்கள்.
கீழே, விரைப்பைக்குப் பின்னால்,
காய்ந்த கோந்துபோல் வெளுத்த தழும்பு.
பிளந்து, பதித்து,
கண்ணுக்குப் பிடிபடாத நூலில் தையல்.
"ஷுவய், ஷுவய்" என்றார் டாக்டர்,
தன் விரல்களிடம்.

மூன்றாம் நாள் ரேணுகா வீடியோவில் வந்தாள்.
"என்ன, வாய் குழறுது?"
"பல்லு புடுங்கினேன்."
"எத்தனை?"
என்னைப் பார்த்தார். இரண்டு விரல் காட்டினேன்.
"ரெண்டு."
அவளுக்கு அவர் இன்னும் விழவேயில்லை.
பொய் சொன்ன கன்னத்தில் ஒரு துண்டு
அதற்குள் விசா மாற்றி
வேறு வேலையில் சேர்ந்திருந்தது.

மூன்று வாரம் கழித்துக் குழாயை எடுத்தோம்.
அளவுக் கருவியின் புனல் முன் நிறுத்திவிட்டுக்
கதவைச் சாத்தினேன்.
எண்ண வேண்டியது இயந்திரம்தான், இருந்தும் எண்ணினேன்.
இருபது. நாற்பது. உள்ளே ஒரு இருமல்.
எழுபத்தி மூன்றில் சத்தம்,
விட்டு விட்டு,
பிறகு விடாமல்.

இயந்திரம் ஒரு குன்றை வரைந்து நீட்டியது.
வினாடிக்குப் பதினேழு மில்லி.
காகிதத்தைக் கிழித்து நாலாக மடித்துப்
பர்ஸில் பத்தாக்காவுக்குப் பின்னால் செருகினார்.
"அது ஃபைலுக்கு வேணும்" என்றேன்.
"நீங்க ஜெராக்ஸ் எடுத்துக்கங்க, சிஸ்டர்."