மூன்றாம் ரம்பெற்

பழைய இரும்புக்காரன் றெஜினோல்ட்
கிலோ விலைக்குத்தான் தந்தான் கிராமபோனை.
இசைத்தட்டுக்குக் காசு வாங்கவில்லை.
"இரும்பில்லையே அது" என்றான்.

நடுவில் ஒட்டியிருந்த தாளைக்
கறையான் தின்றிருந்தது.
பாட்டின் பெயர் போய், பாண்டின் பெயர் போய்
மிஞ்சியது வருடத்தில் கொஞ்சம்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி
அதற்கப்பால் ஓட்டை.

ஊசி இல்லை.
கொழும்புத்துறை வேலியோரம் நின்ற நாகதாளியில்
ஒரு முள்ளை ஒடித்து, சீவி, பொருத்தினேன்.
கைபிடியைச் சுற்றினேன், இருபத்தேழு தரம்.

முதலில் இரைச்சல்.
தகரத்தில் யாரோ மணல் எறிகிற மாதிரி.
அந்த மணலுக்குள்ளிருந்து
பதினைந்து பேர் ஒரே மூச்சில் எழும்பினார்கள்.

எங்கள் பாண்டில் ஒன்பது பேர்.
குருநகரிலிருந்து நாவாந்துறை வரைக்கும்
செத்தவீடும் பெருநாளும் எங்களுடையவை.
நான் மூன்றாம் ரம்பெற்.
முதலாவது பாடும். இரண்டாவது அதன் கையைப் பிடிக்கும்.
மூன்றாவது இருந்ததை
அது நின்றால்தான் ஆட்கள் கவனிப்பார்கள்.
எல்லோரும் அல்ல.

சக்சபோன்கள் நாலும்
கட்டிவைத்த வள்ளங்கள் அலைக்கு ஏறுவதுபோல்
ஒன்றாய்ச் சாய்ந்து ஒன்றாய் நிமிர்ந்தன.
ரொம்போன்கள் ஒரு கேள்வி கேட்க
ரம்பெற்றுகள் வாயைத் தொப்பியால் பொத்தி
உவா உவா என்று நக்கலாய்ப் பதில் சொல்லின.
கிளாரினெட் ஒன்று
தாயின் கையை உதறிய பிள்ளையாய்
எல்லோர் கால்களுக்கிடையாலும் ஓடியது.
சந்தோசத்தை இவ்வளவு கட்டுப்பாட்டோடு
யாரும் செய்து நான் கேட்டதில்லை.

ஆனால் நான் தேடியது என் ஆளை.
ஐந்தாம் தடவை, நாலாம் முள்ளில்,
காதைக் குழாய்க்குள் விட்டபோது அகப்பட்டான்.
முதலாமவனுக்குக் கீழே, இரண்டாமவனுக்குப் பின்னால்,
தாளத்துக்குக் கால்வாசி பிந்தி வருகிறான்.
தூக்கமில்லை, பிழையுமில்லை.
தேத்தண்ணி ஆறட்டும் என்று இருக்கிறவனைப்போல்
தெரிந்தே பிந்துகிறான்.
அந்தப் பிந்தலில்தான்
முழுப் பாட்டும் ஊஞ்சல் கட்டியிருக்கிறது.

மூன்று நிமிடம் ஆகுமுன் வில் தளர்ந்தது.
பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கிழவர்களானார்கள்.
நான் கைபிடியைச் சுற்ற
இடுப்பைப் பிடித்துக்கொண்டு
திரும்பவும் இளமைக்கு ஏறினார்கள்.
கடைசி அடிக்குப் பிறகு, முள் வெறும் தடத்தில் உரச,
யாரோ கதிரையைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம்.
அது அவன்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளையின் அடக்கம்.
கடற்கரை வீதி, நாலு மணி வெயில்,
பத்து வருடமாய் வாசிக்கிற அதே மெதுநடை.
இரண்டாம் அடியில் நான் பிந்தினேன்.
கால்வாசி.

அலோசியஸ் அண்ணர் தடியை நிறுத்தாமல்
திரும்பிப் பார்த்தார்.
ட்ரம் அடிக்கிற யூட்டும் பார்த்தான்,
பிறகு அவனும் கொஞ்சம் காத்திருந்தான்.
பெட்டி தூக்கிய ஆறு பேரின் தோள்களும்
மணலில் வள்ளம் தள்ளுகிறவர்களுடையவைபோல்
இலேசாய் அசையத் தொடங்கின.
சம்மாட்டியின் மனிசி அழுகையை நிறுத்தி
யார் வாசிக்கிறது என்று தேடினா.
நான் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டேன்.

சேமக்காலை வாசலில் காசு பிரிக்கையில்
அலோசியஸ் அண்ணர் சொன்னார்:
"பிந்தினதுக்கு நூறு ரூவா வெட்டு."
எச்சிலைத் தொட்டு மிச்சத்தை எண்ணி முடித்து,
"நாளைக்குப் பாசையூரிலை ஒண்டு இருக்கு.
அதிலையும் பிந்து."