அடிமனை

வால்க்லி மேட்டில் என் வீடு.
செங்கல் என்னுடையது, கூரை என்னுடையது,
மழைக்கு ஒழுகும் பின்பக்கக் குழாயும் என்னுடையதே.
அடியில் கிடக்கும் மண் மட்டும்
பிரிஸ்டலில் ஒரு கம்பெனிக்கு.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில் எழுதிய
எண்ணூறு வருடக் குத்தகை.
அறுநூற்றுச் சொச்சம் இன்னும் பாக்கி.
"என்ன அவசரம் உங்களுக்கு?" என்றார் சொலிசிட்டர்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அவசரம் வருடத்துக்கு மூன்றரைப் பவுன் அல்ல.
பின்கதவுக்கு நிலை மாற்றினேன், அனுமதி கேட்கவில்லையாம்.
நூற்றெண்பது பவுன் கட்டச் சொல்லி
ஒரு கடிதம் வந்தது.
இத்தனை வருடமாக
அந்தக் கதவின் பின்னால் ஒருவர் நின்றிருந்தது
அன்றுதான் தெரிந்தது.

மண்ணுக்குக் கம்பெனி சொன்ன விலை ஆயிரத்து இருநூறு.
வாங்கித் தர சொலிசிட்டர் சொன்னது தொள்ளாயிரம்.
ஷெஃபீல்டில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவள் நான்,
எனக்குச் சில்லறை எண்ணத் தெரியும்.
மூன்று கடிதம் கெஞ்சி எழுதினேன்.
நான்காவதில் வெறும் கணக்கு.
முந்நூற்றுப் பத்துக்கு இறங்கினார்கள்.

சமையல் மேசையில் படிவங்கள்,
பறக்காமலிருக்க மேலே உப்பு ஜாடி.
பழைய பத்திரத்தைக் கண்ணாடி மாட்டிப் படித்தேன்.
சோப்பு காய்ச்சலாகாது.
பன்றி வளர்க்கலாகாது.
எலும்பு வேகவைத்தலாகாது.
அந்த ஞாயிறு சூப்புக்கு எலும்பு போட்டபோது
அடுப்பைக் கொஞ்சம் தணித்தே வைத்தேன்.

சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு நெவில் ஸ்டானிஃபோர்த்.
சிப்ஸ் தின்ற கை. துடைத்தேன் என்றான்.
பத்திர ஓரத்தில் அவன் கட்டைவிரல்
வினிகர் வாசத்தோடு பதிந்துவிட்டது.
"மண்ணை வாங்கி எங்கே நடப்போற, ஏவ்ரில்?
அதன் மேலதான் வீடு உட்கார்ந்திருக்கே" என்றான்.
பதில் தோன்றவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டேன்.

பதிவகம் திருப்பி அனுப்பியது.
ரேகையால் அல்ல, எண்ணால்.
வீடு ஒன்று, எண் இரண்டாம்:
மேலே இருப்பதற்கு ஒன்று, கீழே இருப்பதற்கு ஒன்று.
மேலதைக் கீழே எழுதியிருந்தேன்.
சமையலறைத் தரையில் செருப்பில்லாமல் நின்று
திருத்தி எழுதினேன்.

ஒன்பது வாரம்.
பிறகு என் பெயரில் மண்.
வில்லங்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று:
அந்த மண்ணின் மேல்
அறுநூற்றுச் சொச்ச வருடத்துக்கு ஒரு குத்தகைக்காரி.
அவளும் நான்தான்.

குத்தகையை முடித்துவைக்க இன்னொரு படிவம் உண்டாம்,
கவனிக்கவில்லை.
ஆக மார்ச் இருபத்தைந்தாம் தேதி
எனக்கு நானே மூன்றரைப் பவுன் கடன்பட்டேன்.
தேயிலை டப்பாவிலிருந்து எடுத்துத்
தேயிலை டப்பாவிலேயே போட்டேன்.
கையோடு ஒரு கடிதமும் எழுதினேன்:
*பின்கதவு நிலைக்கு அனுமதி அளிக்கப்படுகிறது.
கட்டணம் இல்லை.
தாமதத்துக்கு வருந்துகிறோம்.*

அந்த இன்னொரு படிவத்தை நிரப்ப உட்கார்ந்த அன்றுதான்
பழைய பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன்.
முதல் குத்தகைக்காரி ஹெப்சிபா ட்விக்,
கத்திக்கு மெருகு போடும் கூலிக்காரி.
பெயரை யாரோ எழுதியிருக்கிறார்கள்.
அவள் கை போட்டது ஒரு பெருக்கல் குறி,
ஒரு கோடு நீளம், ஒரு கோடு மை வற்றி.
எண்ணூறு வருடம் என்று
யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டினார்களா?

நான்கு நாள் படிவம் உப்பு ஜாடியின் அடியிலேயே கிடந்தது.
ஐந்தாம் நாள் தபாலில் போட்டேன்.

திரும்பி வரும்போது கேட்டருகே நெவில்,
கையில் ஒரு பிளாஸ்டிக் பை,
உள்ளே பழுப்பேறிய ஏதோ காகிதம்.
மழை வரும்போலிருக்கு என்றான்.
ஆமாம் என்றேன்.
போகாமல் நின்றான்.